மஞ்சள் மாத்திரையும் பழைய சோறும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடல் பாக்டீரியா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் தம்பிக்குப் பெருங்குடலில் புண். 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்கிறார்கள். கட்டுரை நல்ல கட்டுரைதான். ஆனால் பழைய சோறும் தயிரும் சாப்பிட்டாலே இந்தப் புண் ஆறிவிடும் என்ற ஒரு வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் பேச்சை நம்பி நாங்கள் பட்டிருக்கிறோம்.

தம்பி விசைப்படகில் போகிறவன். காலையில் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. படகில் கழிப்பறை கிடையாது. ஒரு ராத்திரிக்கு எட்டுப் பத்து தடவை, ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகின் பின்பக்கம் குந்துவான். இரத்தமும் சளியுமாகப் போகும். கூட வந்தவர்களிடம் சொல்ல வெட்கம். வீட்டில் நாங்கள் சூடு என்றோம், மூலம் என்றோம். இளநீரும் வெந்தயமும் கொடுத்தோம். மருந்துக்கடையில் போய்க் கேட்கும்போதெல்லாம் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை கிடைத்தது. இப்படியே ஏழு மாதம் ஓடியது. மதுரைக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது.

சல்ஃபாசலசின் என்ற மஞ்சள் மாத்திரை எழுதினார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பயந்துவிட்டோம். அது மாத்திரையின் நிறம்தானாம். நாலு மாதத்தில் ஆள் தேறிவிட்டான். அப்புறம் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய சோற்று வைத்தியத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினான். இரண்டே மாதத்தில் மறுபடி இரத்தம்.

டாக்டர் திட்டவில்லை. ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அந்த மாத்திரையில் இரண்டு மருந்துகளை ஒரே முடிச்சாகக் கட்டியிருக்கிறார்கள். புண்ணை ஆற்றும் மருந்தை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். முடிச்சோடு போனால்தான் பெருங்குடல் வரை போய்ச் சேரும். அங்கே அந்த முடிச்சை அவிழ்ப்பது குடலில் குடியிருக்கும் பாக்டீரியா! ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவலிக்காகக் கொண்டுவந்த மருந்து இது; பாக்டீரியா செய்யும் வேலை 1970களில்தான் தெளிவானது. மாத்திரையா, பாக்டீரியாவா என்று நாங்கள் யோசித்ததே தப்பு. கடையில் வாங்கி விழுங்கிய ஆன்டிபயாடிக் எந்த உயிர்களை அழித்திருக்கும் என்று நினைத்தால் இப்போது நெஞ்சு பதறுகிறது.

பழைய சோற்றை நான் குறை சொல்லவில்லை. ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. பாக்டீரியா அதைத் தின்று ப்யூட்டிரேட் என்ற பொருளைத் தருகிறது. பெருங்குடல் உட்சுவருக்கு அதுதான் முக்கிய ஆகாரம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனை இந்த நோய் உள்ளிட்ட குடல் அழற்சி நோய்களுக்காகப் பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்தது. தம்பியும் தினம் காலையில் சாப்பிடுகிறான், மாத்திரையோடு.

நல்ல குடல் உள்ளவரின் மலத்தைக் கரைத்துச் செலுத்தும் சிகிச்சையையும் எழுதியிருந்தீர்கள். 2015இல் வெளியான கனடா ஆய்வில் அப்படிச் செலுத்தப்பட்ட 38 பேரில் 9 பேருக்கு நோய் அடங்கியது. வெறும் தண்ணீர் செலுத்தப்பட்ட 37 பேரில் 2 பேருக்கு. அந்த 9 பேரில் 7 பேருக்கு மலம் கொடுத்தவர் ஒரே ஆள். யாருடைய பாக்டீரியா யாருக்குச் சேரும் என்பதே பெரிய கேள்வியாக இருக்கும்போது, நல்ல பாக்டீரியா என்று கடையில் விற்கும் புரோபயாடிக் டப்பா எல்லோருக்கும் கேட்கும் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் தெருவிலேயே இன்னொரு பையன் மூலம் என்று சொல்லிக் களிம்பு தடவிக்கொண்டு கடலுக்குப் போகிறான். இரத்தம் போகிறதா என்று நான் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள்: மலத்தில் இரத்தம் போனால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள், அவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். எங்கள் டீக்கடைக்கு உங்கள் இதழ் வருகிறது. அவனும் அங்கேதான் உட்கார்ந்து படிக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.