212-க்குக் காரணம் கேக் இல்லை: கொழும்புக் கிளினிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும்,

வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறவன் நான். சீனி வருத்தமுள்ள அம்மாவை மாதாமாதம் கிளினிக்கிற்குக் கூட்டிப் போவதும் நான்தான். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. மற்ற இடங்களிலும் இதே கதை கேள்விப்படுவதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

போன முறை கிளினிக்கிற்கு முதல்நாள் இரவு மட்டக்களப்பிலிருந்து போன் வந்தது. மாமாவுக்கு நெஞ்சுவலி, அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்களாம். அம்மா போனை மடியில் வைத்தபடி விடியும்வரை கதிரையிலேயே இருந்தார். இன்னொரு நாள் போவோம் என்றேன். நம்பர் கிடைக்காது என்று நாலரைக்கே வெளிக்கிட்டுவிட்டார். வெறும் வயிற்றில் பார்த்த சீனி 212. கொப்பியைப் பார்த்தவர், வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன அம்மா, இரவு கேக் சாப்பிட்டீங்களா?" என்றார். அம்மா அன்று இரவு ஒரு இடியப்பம்கூடத் தொடவில்லை. ஒன்றும் பேசாமல் கொப்பியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

அந்த 212 எங்கிருந்து வந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் பழக்கம். சதையியின் (இந்தியப் புத்தகங்களில் கணையம்) இன்சுலின் சுரக்கும் பீற்றா கலத்துக்குள் குளுக்கோசு போய் எரிந்தால், பொற்றாசிய வாயில்கள் மூடும், கல்சியம் உள்ளே பாயும், இன்சுலின் பொட்டலங்கள் வெளியே கொட்டும். மனம் பதறும்போது அதிரினலின் வந்து அதே கலத்தின் அல்பா-2 ஏற்பியில் (ஓமோன் வந்து ஒட்டும் இடம்) உட்காருகிறது. உள்ளே செய்தி கடத்தும் சைக்கிளிக் ஏ.எம்.பி. குறைகிறது, பொட்டலங்கள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. சதையிக்கு வரும் பரிவு நரம்புகளும் (பதற்றத்தில் வேலை செய்பவை) அதிரினலினுக்கு நெருங்கிய உறவான நோரதிரினலினை விட்டு இதையே செய்கின்றன. பக்கத்து அல்பா கலங்களிலோ (பிள்ளைகள் குழம்பும் இடம், அந்த அல்பா வேறு, இந்த அல்பா வேறு) சீனியை ஏற்றும் ஓமோனான குளுக்ககன் கூடுகிறது. ஈரல் சேர்த்து வைத்த சீனியை இரத்தத்தில் விடுகிறது. ஆபத்தில் ஓடுகிறவனுக்கு இது நல்ல ஏற்பாடு. அம்மா ஓடவில்லையே, கதிரையில்தானே இருந்தார்.

பதற்றத்தில் சுரக்கும் இன்னொரு ஓமோனான கோட்டிசோல் ஆறுதலாக வேலை செய்யும் ஆள். ஈரலைப் புதிதாகக் குளுக்கோசு செய்ய வைக்கும், உடம்பை இன்சுலினுக்கு மசியாமல் பண்ணும். கோட்டிசோல் மாதிரியே வேலை செய்யும் பிரெட்னிசலோன் மருந்து எடுப்பவர்களுக்குச் சீனி ஏறுவதைத் தினமும் பார்க்கிறவர்கள் நீங்கள். இன்னொன்று: சிலருக்கு மரபணு மாற்றத்தால் அந்த அல்பா-2 ஏற்பி பீற்றா கலத்தில் கூடுதலாகவே இருக்கிறது, அவர்களுக்கு இன்சுலின் சுரப்பு குறைகிறது என்று 2010-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே கவலை எல்லோர் கொப்பியிலும் ஒரே இலக்கமாக விழும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதைச் சாட்டாக வைத்து வட்டிலப்பம் சாப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவும் தீபாவளிக்குத் தொதல் தின்றவர்தான். அதைப் பிடிக்கத்தான் இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. இருக்கிறதே. அம்மாவுக்கு அது 6.9 வீதம், கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. அதே கொப்பியில், முந்தின பக்கத்தில் இருந்தது. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

உங்கள் நெருக்கடி தெரியும். ஒரு காலையில் எத்தனை பேரைத்தான் பார்ப்பீர்கள்! ஆனால் "இரவு நித்திரை கொண்டீங்களா, காய்ச்சல் ஏதும் இருந்ததா, வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். வழக்கத்துக்கு மாறாக ஒரே ஒரு தடவை ஏறியிருந்தால், மருந்தைக் கூட்டுமுன் இன்னொரு தடவை பார்க்கலாம். ஏச வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டு ஏசுங்கள். வரிசைக்கு நடுவில் ஏசினால் அதிரினலின் இன்னும் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கழித்து, அதே மாத்திரைகளோடு, வெளி லாப்பில் பார்த்தோம். 131. மாமா அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த கிளினிக்கில் மாமாவின் கதையைச் சொல்லுங்கோ என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "மிஸ் கேட்டால் சொல்றன்" என்கிறார்.