வாலிபர் முகாமில் வேதாகமத்துக்கு எத்தனை நிமிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்குவதால் சபைகள் வாலிபர் முகாமுக்குப் பெயர் பதியத் தொடங்கிவிட்டன. பட்டர்வொர்த்தில் பத்தொன்பது ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் ஐக்கியத்திலும் கற்பித்து வருகிறேன். இந்த முகாம்களைப் பற்றியும், ஆண்டு முழுவதும் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் வாலிபர் கூட்டங்களைப் பற்றியும் நெடுநாளாக மனத்தில் இருப்பதைத் தங்கள் நாளிதழின் வழியாகப் பெற்றோருக்கும் போதகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அண்மையில் ஒரு சபையின் மூன்று நாள் முகாமுக்கான நிகழ்ச்சி நிரல் புலனத்தில் (வாட்ஸ்அப்) எனக்கு வந்தது. கடற்கரை விளையாட்டு, புட்சால் போட்டி, பாட்டு, குறுநாடகம், தன்முனைப்பு உரை என்று மணிவாரியாகப் பிரித்திருந்தார்கள். வேதபாடத்துக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடம். அதுவும் காலைப் பசியாறலுக்கு முன்பாக. பிள்ளைகள் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் விளையாட்டுக் காலணி இருந்தது, மாற்றுடை இருந்தது, கொசு மருந்துகூட இருந்தது, வேதாகமம் இல்லை. ஏற்பாட்டாளர்கள் வேண்டுமென்றே அதை விட்டிருக்கமாட்டார்கள். ஆனால் வேதாகமம் கையில் இல்லாமலே கழித்துவிடக்கூடிய மூன்று நாள்களை வகுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன், தன் எழுதுகோல் பையின் மேல் 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற வசனத்தை வெள்ளை மையால் எழுதி வைத்திருந்தான். ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு அவன் எதிர்பார்த்தபடி வரவில்லை. அடுத்த சனிக்கிழமை எல்லாரும் போனபின் தனியே நின்று, "அங்கிள், அந்த வசனம் எனக்கு மட்டும் ஏன் நடக்கல?" என்று கேட்டான். அந்த வசனம் வரும், பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தைத் திறந்து, அதற்கு முந்தைய வசனத்தை வாசிக்கச் சொன்னேன். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்று பவுல் அங்கே எழுதுகிறார். எழுதும்போது அவர் சிறையில் கட்டப்பட்டிருந்தார் என்பதை அந்த நிருபத்தின் முதல் அதிகாரமே சொல்கிறது. குறைவிலும் நிலைநிற்கப் பெலன் உண்டு என்ற சாட்சியைத் தேர்வில் வெற்றி தரும் வாக்குறுதியாக அந்தப் பையன் எண்ணியிருந்தான். எங்கள் கூட்டங்களில் அந்த வசனத்தை அவன் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான், எங்கள் சட்டைகளில்கூட அது அச்சாகியிருக்கிறது. ஆனால் முந்தைய வசனத்தை அவனுக்கு யாரும், நான் உட்பட, வாசித்துக் காட்டியதில்லை.

அதன்பிறகு நாங்கள் தனி வசனங்களை எடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, மாற்கு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்கினோம். பதினாறே அதிகாரங்கள்தான். வாரம் அரை அதிகாரம் என்று போனதால் ஓராண்டுக்குள் முடிந்துவிட்டது. ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுமியை இயேசு 'தலீத்தாகூமி' (சிறுபெண்ணே, எழுந்திரு) என்று சொல்லி எழுப்பும் பகுதியை வாசித்த மாலையில், இரண்டாம் படிவத்தில் படிக்கும் ஒரு மாணவி கையை உயர்த்தி, "எழுப்பின பிறகு அவளுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லியிருக்கிறாரே, கவனிச்சீங்களா?" என்றாள். அந்தப் பகுதியின் மேல் எத்தனையோ பிரசங்கம் கேட்டவன் நான். அந்தக் கடைசி வரியில் ஒருநாளும் நின்றதில்லை. திறந்த புத்தகத்தைத் தன் மடியில் வைத்திருந்தவளுக்குத்தான் அது தெரிந்தது.

வேதபாடத்தை நீட்டினால் பிள்ளைகள் சலித்துப்போய் வரமாட்டார்கள் என்று இளைஞர் தலைவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். துரோவாவில் பவுல் நெடுநேரம் பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகளே சொல்கிறது. ஆனால் பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார். உயிர் வந்தபின் மறுபடியும் ஏறிப்போய் அப்பம் பிட்டு, விடியும்வரை பேசினார். பிள்ளையைக் கவனிப்பதற்காக அவர் போதனையை நிறுத்திவிடவில்லை. விளையாட்டும் வேண்டும், சேர்ந்து சாப்பிடுவதும் வேண்டும். எங்கள் கூட்டத்தில் மீகூன் (அரிசி நூடல்ஸ்) இல்லாத சனிக்கிழமை அரிது.

இதைவிடக் கடினமானது மொழிச் சிக்கல். மலாய் வழித் தேசியப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். 'நியாயப்பிரமாணம்' (மோசேயின் சட்டம்) போன்ற சொற்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கே தடுமாற்றம் தருகின்றன. வேதபாரகனாகிய எஸ்றா ஜனங்களுக்கு முன்பாகக் காலைமுதல் மத்தியானம்வரை நியாயப்பிரமாணத்தை வாசித்த நாளில், லேவியர் 'அர்த்தஞ்சொல்லி' விளங்கப்பண்ணினார்கள் என்று நெகேமியாவில் இருக்கிறது. எங்கள் தாயார் வளர்ந்த ரப்பர் தோட்டத்து ஜெபவீட்டில் உபதேசியார் செய்ததும் அதைத்தான். பள்ளிக்கூடம் போகாத பால்மரத் தொழிலாளிகளுக்கு அவர் வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்லியிருக்கிறார். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் மொழியில் இருக்கும் ஒரு நூலைச் சொல் கடினம் என்பதற்காகப் பிள்ளைகளின் கையிலிருந்து எடுத்துவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவதே நம் கடமை. தேவையான இடத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ விளக்கினால் குற்றமில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். முகாமுக்குப் பணம் கட்டும்போது, என் பிள்ளை இந்த மூன்று நாளில் வேதாகமத்தின் எந்தப் புத்தகத்தைப் படிக்கப் போகிறான் என்று தயவுசெய்து கேளுங்கள். போதகர்கள், இசைக்கருவிக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, வேதபாடம் நடத்தும் இளைஞர்களைப் பயிற்றுவிக்க ஒதுக்க வேண்டும். பத்தொன்பது வயதுத் தலைவன் ஒருவனிடம் எந்தப் பயிற்சியும் தராமல் முப்பது பிள்ளைகளை ஒப்படைப்பது அவனுக்கும் நியாயமல்ல.

இந்த விடுமுறையில் எங்கள் முகாமில் ரூத்தின் புத்தகத்தை முழுவதுமாக வாசிக்கிறோம். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைகளுக்காகப் பெரிய எழுத்து வேதாகமங்கள் ஆறு வாங்கி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு.