கடன் கொடுத்தவரைப் பற்றிக் கருத்துக் கேட்கிறார்கள்

மதுரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனை இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறாய் என்று தங்கச்சி போனில் புலம்பியது. கோயம்புத்தூர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாய். இங்கே மதுரை வெயிலில் கிடந்தாலும் அந்த முட்டி வலிக்கத்தான் செய்யும். சீக்கிரம் முடித்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். பேத்தி எல்கேஜி போகிறாள், போகிற வழியெல்லாம் கேள்வி கேட்கிறாள். எனக்கு சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையும் கூடியிருக்கிறது. வேறு விசேஷமில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், உலக வங்கியைப் பற்றிய கருத்துக் கணிப்புப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்ற கணக்கில் சேர்த்திருப்பார்கள் போல. ஒரு ஆய்வு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலில் கேள்வித்தாள் வந்தது. 2012லிருந்து இதை ஒரு முறையாகவே செய்துவருகிறார்கள்; கடன் வாங்கும் ஒவ்வொரு நாட்டிலும் ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. அமைச்சக அதிகாரிகள், எம்.பி.க்கள், உள்ளாட்சிக்காரர்கள், தொண்டு நிறுவனங்கள், தொழிலதிபர்கள், பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், இவர்களிடம் கேட்பார்கள். ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட வேண்டும். வங்கியை எவ்வளவு தெரியும், எவ்வளவு நம்புகிறாய், அதன் வேலையால் பலன் உண்டா, அடுத்து எந்தத் துறையில் பணம் போட வேண்டும், பெரிய குறை எது, இப்படிப் போகிறது. முடிவுகளைப் பொதுவில் வெளியிடுகிறார்கள். இது பாராட்ட வேண்டிய விஷயம். நம்ம ஊரில் எந்த வங்கி, கடன் வாங்கியவனிடம் ‘என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய்’ என்று கேட்டிருக்கிறது?

முதல் கேள்விக்கே என் கை நின்றுவிட்டது. எவ்வளவு தெரியும் என்றால், படித்துத் தெரிந்ததைச் சொல்வதா, பார்த்துத் தெரிந்ததைச் சொல்வதா? 1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் வங்கி பிறந்த கதையைப் பல வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் பார்த்தது நம்ம மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி. எம்.ஏ. படிக்கும்போது கள ஆய்வு என்று சொல்லிக்கொண்டு அந்தப் பக்கத்து ஊர்களில் சைக்கிளில் திரிந்தேனே, நினைவிருக்கிறதா? தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை 1980இல் முதன்முதலாக அந்த ஒன்றியத்தில்தான் தொடங்கினார்கள். உலக வங்கிக் கடன்.

ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, அட்டையில் கோடு வரைவார்கள். கோடு கீழே சாய்ந்தால் அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்குச் சத்துருண்டை. எடை தேறிவிட்டால் உருண்டை நின்றுவிடும். தேவையானவனுக்கு மட்டும் கொடு, தேவையான காலத்துக்கு மட்டும் கொடு என்பது திட்டத்தின் கணக்கு. செலவு குறையும், தாய்க்கும் பிள்ளையின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். உலகம் பூராவும் ஊட்டச்சத்து ஆட்கள் பாடமாகப் படித்த திட்டம் அது.

தாய்மார்களின் கணக்கு வேறு. பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதற்காக உருண்டையை நிறுத்துகிற நியாயம் அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. “நான் ஒழுங்கா வளத்தது தப்பாய்யா?” என்று ஒரு அம்மா என்னிடமே சண்டைக்கு வந்தது. நான் என்ன, அரசாங்கமா? ஆனால் நோட்டும் பேனாவும் வைத்திருந்தேன், அது போதும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தபோது எடையும் இல்லை, அட்டையும் இல்லை, வந்து உட்கார்ந்த பிள்ளைக்கெல்லாம் சோறு. அந்த ஊர்களில் எதற்குப் பத்துக்குப் பத்து விழுந்திருக்கும் என்று உனக்கே தெரியும். ஆனால் இரண்டு வயசுப் பிள்ளையின் எடையை மாதாமாதம் பார்க்கிற பழக்கம் முன்னதில்தான் வந்தது. இதை எந்த மதிப்பெண்ணில் அடக்குவது? இன்னொன்று, உருண்டைக்குப் பின்னால் வாஷிங்டனில் ஒரு வங்கி இருக்கிறது என்று அந்தத் தாய்மார்களில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் இன்றைய கேள்வித்தாள் கணக்குப்படி அவர்கள் கருத்துச் சொல்லத் தகுதியில்லாதவர்கள். சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன எனக்குத் தகுதி உண்டு.

உன் பொதுப்பணித்துறையையே எடுத்துக்கொள். பெரியாறு–வைகை பாசனத்தைச் சீரமைக்க உலக வங்கி எழுபதுகளின் கடைசியில் ஒரு தடவையும் எண்பதுகளில் இன்னொரு தடவையும் கடன் கொடுத்தது. இரண்டாவதில்தானே நீ வேலைக்குச் சேர்ந்தாய்? கால்வாய்க்குச் சிமெண்ட் பூசினீர்கள், ஷட்டர் போட்டீர்கள். இப்போது ஒருவன் கேள்வித்தாளோடு கிளம்பி ஆயக்கட்டு முழுக்கப் போகிறான் என்று வைத்துக்கொள். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அங்கே கேட்டால் ஒன்பது போடுவார்கள். மேலூர் கடைமடையில் ஒருபோகத்துக்கே தண்ணீர் விடச் சொல்லி மறியல் செய்கிற ஆளிடம் கேட்டால் இரண்டு போட்டால் பெரிது. கால்வாய் ஓரத்துக் கிணற்றுக்காரன் மூன்றாவது ரகம். கசிவு நின்றதும் அவன் கிணற்றில் ஊற்றுக் குறைந்துவிட்டது, சிமெண்டைத்தான் திட்டுவான். இதையெல்லாம் கூட்டி வகுத்து ஐந்தரை என்று அறிக்கையில் போட்டால், ஐந்தரை என்ற கருத்துள்ள ஆள் அந்த ஆயக்கட்டிலேயே கிடையாது. இதில் யாருடைய கோபம் வங்கி மேல், யாருடையது பொதுப்பணித்துறை மேல், யாருடையது மேல்மடைக்காரன் மேல் என்று பிரிக்க உன்னாலேயே முடியாது.

பென்னிகுவிக் படத்தைத் தேனி, கம்பம் பக்கம் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபமே திறந்தார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினவர் பெயர் நிற்கிறது. அதே தண்ணீரின் கால்வாய்க்குப் பின்னாளில் யார் கடன் கொடுத்தார் என்று மேலூர் பேருந்து நிலையத்தில் கேட்டுப்பார், உன்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கடன் கொடுக்கிறவருக்கு இது நல்லதா கெட்டதா என்று நான் யோசித்ததுண்டு. நல்லதுதான் என்று படுகிறது. மதுரைச் சுற்றுச்சாலைக்கும் உலக வங்கிப் பணம் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் வழியாகத்தான் வந்தது; அந்தக் கடனை அடைக்க மாநகராட்சி 2001இல் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. லாரிக்காரர்கள் திட்டினதெல்லாம் சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்த பையனை. தோப்பூர் எய்ம்ஸும் அப்படித்தான். 2019 ஜனவரியில் அடிக்கல், 2021 மார்ச்சில்தான் ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பான ஜைக்காவோடு கடன் ஒப்பந்தம். 2022இல் முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். இங்கே யாரிடமாவது ஜைக்காவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால், தேர்தல் பிரச்சாரத்தில் தூக்கிக் காட்டின செங்கலைப் பற்றித்தான் பதில் வரும்.

என் சந்தேகம் இதுதான். வங்கியை நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அதோடு சேர்ந்து வேலை செய்தவர்கள், அதன் பணத்தில் ஆய்வு செய்தவர்கள், அடுத்த திட்டத்துக்குக் காத்திருக்கிறவர்கள். பெயர் எழுத வேண்டாம் என்றாலும், சாப்பிட்ட வீட்டைப் பற்றி எழுதும்போது பேனா கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். ‘மிக மெதுவாக வேலை நடக்கிறது, காகித வேலை அதிகம்’ என்ற குறையைத் தைரியமாக டிக் செய்வார்கள். அது யாரையும் நோகடிக்காத குறை. தப்பான இடத்தில் பணம் போட்டாய் என்று எழுத ஒரு சிலருக்குத்தான் மனசு வரும்.

நர்மதையில் சர்தார் சரோவர் அணைக்குக் கடன் கொடுத்தபோது வங்கி எந்த மலைக்கிராமத்துக்கும் கேள்வித்தாள் அனுப்பவில்லை. ஜனங்கள் நகர மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். வங்கியே ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் மோர்ஸ் தலைமையில் ஒரு தனிக் குழுவைப் போட வேண்டி வந்தது. 1992இல் அந்தக் குழு, மறுகுடியமர்த்தல் சரியில்லை என்று எழுதிவிட்டது. 1993இல் மிச்சக் கடன் நின்றது. அதே வருஷம்தான் பாதிக்கப்பட்டவர்கள் நேராகப் புகார் கொடுக்க ஆய்வுக் குழு ஒன்றை வங்கி அமைத்தது. அந்தக் கருத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை, அவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதற்காகக் கணிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்காமலே இருப்பதைவிட இது மேல். பத்திரிகைக்காரர்களும் அதிகாரிகளும் ஒரே கேள்விக்கு எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கிறார்கள் என்று பார்க்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் எப்படி, இப்போது எப்படி என்றும் பார்க்கலாம். வங்கிக்காரர்கள் அதைப் படித்து ஏதாவது மாற்றிக்கொண்டால் சரி. ஆனால் ‘இந்தியர்களின் கருத்து’ என்று யாராவது தலைப்புப் போட்டால் எனக்குக் கோபம் வரும். அது அறிமுகமானவர்களின் கருத்து, அவ்வளவுதான்.

படிவத்தின் கடைசியில், சொந்தமாக ஏதாவது எழுத விரும்பினால் எழுதலாம் என்று ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள். அதில் கொட்டாம்பட்டிக் கதையைச் சுருக்கி எழுதியிருக்கிறேன். கால்வாயைப் பற்றி எழுத எனக்கு விஷயம் போதாது. சிமெண்ட் பூசின பிறகு கடைமடைக்குத் தண்ணீர் முன்னைவிட எத்தனை நாள் முந்திப் போனது, கிணற்றுக்காரர்கள் அப்போதே மனு கொடுத்தார்களா, அந்த மனுக்கள் வங்கியிலிருந்து வந்த ஆட்கள் கண்ணில் பட்டதா, இதையெல்லாம் நீதான் சொல்ல வேண்டும். நீண்ட கடிதமெல்லாம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். இந்த மாதக் கடைசிக்குள் படிவத்தை அனுப்ப வேண்டும். உனக்குப் படிவம் வராததுதான் இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆபரேஷன் தேதி குறித்தால் உடனே சொல், ரயில் டிக்கெட் இப்போதெல்லாம் லேசில் கிடைப்பதில்லை.

அன்புடன்,
உன் பழங்காநத்தத்து நண்பன்