கசிவு எங்கே என்று பார்க்காமலே தரையை உடைத்தீர்கள்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

அனுப்புநர்
உங்கள் வாடிக்கையாளர், சத்துவாச்சாரி, வேலூர்

பொருள்: தவறான இடத்தில் செய்த கசிவு வேலைக்கு வாங்கிய 14,800 ரூபாயைத் திருப்பித் தருதல், ஷவர் இணைப்பைச் சரிசெய்தல் தொடர்பாக.

ஐயா,

கடந்த ஜனவரியில் மாடி பாத்ரூமுக்கு உங்களிடம் ஷவர் செட் வாங்கினோம். சுவருக்குள் பதிக்கிற டைவர்ட்டர் வகை, அதாவது தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் வால்வு கொண்டது. பொருத்தியதும் உங்கள் ஆட்கள்தான். ஏப்ரல் கடைசியில் கீழே சமையலறையின் மேல்தளத்தில் ஓதம் தெரிந்தது. முதலில் உள்ளங்கை அகலம். பத்தே நாளில் பெயின்ட் உப்பி, அரிசி டப்பா மேல் காரை உதிர ஆரம்பித்தது. அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் கட்டிய வீடு இது. அவர் தினமும் காலையில் எழுந்ததும் அந்த இடத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்.

புகார் செய்ததும் உங்கள் டெக்னீஷியன் வந்தார். பாத்ரூம் வாசலில் நின்றபடியே, "தரை வாட்டர்ப்ரூஃபிங் போயிடுச்சு, உடைச்சாத்தான் ஆகும்" என்றார். ஷவரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கம்பெனி ஆள் சொல்கிறாரே என்று நம்பினோம். தரையில் 11 டைல்ஸை உடைத்து, மருந்து பூசி, புதிதாக ஒட்டி, இடுக்குகளில் எபாக்சி நிரப்பி 14,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரே வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஈரம். திரும்ப அழைத்தபோது, "வேலூர் உப்புத் தண்ணிக்கு நாங்க என்ன பண்றது" என்று பதில் வந்தது.

அதன் பிறகுதான் நானே உட்கார்ந்து பார்த்தேன். மாடி பாத்ரூமை நான்கு நாள் பூட்டி வைத்தேன். குழாய் லைனை மூடவில்லை. ஓதத்தின் ஓரம் நெடுகப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். ஈரம் காய்ந்துகொண்டே வந்தது. அப்படியென்றால் டைவர்ட்டர் வரைக்கும் வருகிற குழாயில் கோளாறு இல்லை, ஏனென்றால் அதில் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அப்புறம், வடிகால் ஓட்டையைத் துணி பொதிந்த பையால் இறுக அடைத்து, தரையில் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் தேக்கினேன். கோடு தாண்டவில்லை. காலையில் அடைப்பை எடுத்து மொத்தத்தையும் வடியவிட்டேன், அப்போதும் இல்லை. தரையும் சரி, வடிகாலுக்கு அடியில் இருக்கும் டிராப்பும் சரி.

மிச்சம் இருந்தது ஷவர். அதன் தலையில் பெரிய பாலித்தீன் பையைக் கட்டி, அடியைக் கிழித்து, சுவரில் ஒரு சொட்டும் படாமல் நேராகப் பக்கெட்டில் விழும்படி செய்து திறந்துவிட்டேன். தண்ணீரை வீணாக்கவில்லை, பக்கெட் பக்கெட்டாகச் செடிக்கு ஊற்றினோம். இருபதாவது நிமிடம் அப்பா கீழேயிருந்து கூப்பிட்டார். ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தது.

ஷவர் கம்பி, அதாவது ஷவர் தலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய், சுவரில் நுழைகிற இடத்தில் இருக்கும் வட்டத் தட்டை நகர்த்தி, செல்போன் டார்ச் அடித்தேன். கம்பியின் அடிப்பக்கமாகத் தண்ணீர் சுவருக்குள்ளே திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் எல்போ (வளைந்த குழாய் இணைப்பு) டைல்ஸ் முகப்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. நீளத்தைக் கூட்டும் சின்னக் குழாய்த் துண்டான எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டிருக்க வேண்டிய இடம். போடவில்லை. கம்பியின் மரை இரண்டு சுற்றுதான் பிடித்திருந்தது, அதன் மேல் டெஃப்லான் டேப் பேருக்கு ஒரு சுற்று. ஷவரைத் திறந்தால் மட்டும்தான் இந்தப் பகுதிக்குத் தண்ணீர் ஏறும். அதனால்தான் கசிவு விட்டு விட்டு வந்தது.

உப்புத் தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் போர் தண்ணீரில் ஷவர் துளைகள் அடைபடுவது உண்மை. அடைத்தால் கம்பிக்குள் அழுத்தம் கூடும் என்பதும் உண்மை. ஆனால் ஒழுங்காக மரை பிடித்த இணைப்பு அதற்கெல்லாம் ஒழுகாது. இந்த ஊரில் பல வீடுகளிலும் இதே மாதிரித் தண்ணீர்தான் வருகிறது.

அரை மணி நேரம் ஷவரைத் திறந்து பார்த்திருந்தால் நல்ல தரையை உடைத்திருக்க வேண்டாம். எனக்கு ஆத்திரம் அதனால்தான். பொருத்தும்போது தவறு யாருக்கும் நேரலாம். காரணத்தைத் தேடாமலே சுத்தியலை எடுத்ததையும், அதற்கு எங்களிடமே காசு வாங்கியதையும் ஏற்க முடியாது.

எனவே 14,800 ரூபாயை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். சரியான நீளத்தில் நிப்பிள் போட்டு ஷவரை இலவசமாகப் பொருத்தி, என் கண்ணெதிரே அரை மணி நேரம் ஓடவிட்டுக் காட்ட வேண்டும். சமையலறை மேல்தளத்தைப் பூசி பெயின்ட் அடிக்கும் செலவும் உங்களுடையது. 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இரண்டு பில்களின் நகல், பென்சில் கோட்டின் படங்கள், தண்ணீர் ஓடும் வீடியோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கழற்றிய கம்பியை டேப்போடு அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். ஆள் அனுப்புவதானால் முந்தின நாளே சொல்லுங்கள், அப்பா வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
சத்துவாச்சாரி, வேலூர்