கூடை முடைவோரை விரட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் சாலையோரப் புளியமரத்தடியில் குடும்பத்தோடு தங்கிக் கூடை, முறம் முடைந்து விற்பவர்களிடம், “பிளாஸ்டிக் முறம் இதைவிட மலிவாச்சே” என்று பேரம் பேசுகிறோம். அந்த விலைக்குள் இருக்கும் வேலையைப் பார்க்க வேண்டும்.

மூங்கில் மூன்று வருடமாவது முற்றியிருக்க வேண்டும். இளசு ஆகாது. வண்டு துளைத்து, கூடையடியில் பொடி கொட்டும். பச்சையாகவே பிளந்து சீவ வேண்டும். கெட்டியான புறப்பட்டை விளிம்புக்கு, மெதுவான உட்பட்டை பின்னலுக்கு. பட்டை காய்ந்தால் வளைக்கும்போது முறிந்துவிடும். அதனால்தான் பக்கத்திலேயே ஒரு குடம் தண்ணீர். முறம் முதலில் பிய்வதும் விளிம்பில்தான். அடுத்த நடை வரும்போது பழைய முறத்துக்கும் முகம் சுளிக்காமல் விளிம்பு கட்டித் தருகிறார்கள். எந்தக் கடையில் இது நடக்கும்?

வாங்கியவர்கள் ஊறவைத்து அரைத்த வெந்தயத்தை மெழுகி நிழலில் உலர்த்தினால் சந்து அடைபடும், ராகி ஒழுகாது.

இடம்விட்டு இடம் போய் விற்பவர்களும் 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். பாதிக் கூடையோடு அவர்களைக் கிளப்பிவிடுவது அநியாயம். வாரச்சந்தைகளில் குழாயடிக்குப் பக்கத்தில் நிழலான ஒரு மூலையை உள்ளாட்சிகள் ஒதுக்கட்டும்.  பவானிக் கரைத் தோட்டக்காரர்கள் முற்றிய மூங்கில் கழிகளை இவர்களுக்கே கொடுக்கலாம்.

- மூங்கில் கூடை புழங்கும் விவசாயிகள், கோபிசெட்டிபாளையம் வட்டாரம்