பள்ளி திறக்கிற வாரத்தில் அப்பாக்கள் கரையில் இருக்கிறார்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் பாம்பன் பக்கத்தில் விசைப்படகுத் தொழிலுக்குப் போகிறவன். இரண்டு பிள்ளைகளின் அப்பா. இளையவன் படிக்கும் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராகவும் இருக்கிறேன். புதுக் கல்வியாண்டு தொடங்கப் போகிறது. உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். பள்ளி திறந்ததும், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்கு முன்பாகவே, எங்கள் கரையின் அப்பாக்களைப் பள்ளிக்குள் கூப்பிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன்.

மூத்தவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2015 ஜூனில். அப்போதெல்லாம் தடைக்காலம் 45 நாள்தான். ஏப்ரல் 15இல் தொடங்கி மே 29ஓடு முடிந்துவிடும். அந்த வருடம் ஜூன் 1 திங்கட்கிழமை. எங்கள் பகுதி விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி தொழில் நாள். நாற்பத்தைந்து நாள் கையில் காசில்லாமல் இருந்துவிட்டு, பள்ளி திறக்கிறது என்று யார் வீட்டில் நிற்பார்கள்? போட்டில் போய்விட்டேன். செவ்வாய் காலை கரைக்கு வந்து, மீனை இறக்கி, விலை பேசி முடித்து வீட்டுக்கு வந்தபோது மகள் இரண்டாம் நாளாகப் பள்ளிக்குப் போயிருந்தாள். முதல் நாள் அழுதாளா, யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், டீச்சர் எப்படிக் கூப்பிட்டார் எல்லாவற்றையும் என் மனைவி சொல்லித்தான் கேட்டேன். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் அந்தப் பள்ளிக்குள் நான் போனது மூன்று தடவை இருக்கும்.

2017இல் தடைக்காலத்தை 61 நாளாக நீட்டினார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்களுக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இன்னும் பதினாறு நாள் பிழைப்பு போச்சே என்றுதான் எல்லோரும் பேசினோம். ஆனால் அந்தப் பதினாறு நாளில்தான் பள்ளி திறக்கிற நாளும் வந்து விழுகிறது என்பதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. எனக்கே அது புரிந்தது இளையவனைச் சேர்த்தபோதுதான்.

அது 2023. வெயில் கொளுத்தியதால் பள்ளி திறப்பைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஜூன் 14 என்றார்கள். தடை முடிவதும் அதே ஜூன் 14 நள்ளிரவு. எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். படகுத் துறையில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போட் டிரைவரிடம் சொல்லிவிட்டு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

வகுப்பில் டீச்சர் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளுக்குக் கொடுத்த நோட்டின் அட்டையில் அவரே பெயர் எழுதாமல், பென்சிலை எங்களிடம் கொடுத்து, ‘அப்பா எழுதுங்க’ என்றார். இரண்டு மாதமாகப் போட்டுக்குப் பெயிண்ட் அடித்து, வலை கட்டி, என் விரலெல்லாம் வெடித்திருந்தது. நக ஓரத்தில் நீல பெயிண்ட். அந்தச் சின்னப் பென்சில் விரலுக்குள் நிற்கவே இல்லை. மகன் என் முழங்கையைப் பிடித்தபடி நான் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதி முடித்ததும் நோட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அந்த நோட்டு தீர்ந்துபோய் எவ்வளவோ நாளாகிறது. அட்டையை மட்டும் கிழித்துப் பெட்டியில் வைத்திருக்கிறான்.

அதற்குப் பிறகு அந்தப் பள்ளி எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. அவன் டீச்சர் யார், எந்த ஜன்னல் பக்கம் உட்காருகிறான், குடிதண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு நாள் போகவில்லை என்றால் ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. மூத்தவள் விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அது என் தப்புதான். ஆனால் அந்தத் தப்பு எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

உங்களுக்கு எங்கள் வீட்டு நடைமுறை ஒன்று தெரிய வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறது அம்மா. சோறு கட்டுகிறது, கூட்டத்துக்கு வருகிறது, கையெழுத்துப் போடுகிறது எல்லாம் அம்மாதான். அதுவும் சும்மா இருந்துகொண்டு இல்லை. கடல் பாசி எடுக்கப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பித் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். நண்டு உடைக்கப் போகிறவர்கள், மீன் வாங்கி விற்கப் போகிறவர்கள் என்று எல்லோருக்கும் காலையில்தான் வேலை. இவ்வளவையும் பார்த்துக்கொண்டு பிள்ளையையும் படிக்க வைக்கிறார்கள். ஆனால் படிப்பை நிறுத்துகிற முடிவு மட்டும் அப்பாவுடையது. எட்டாவதோ பத்தாவதோ படிக்கிற பையனைப் பார்த்து, ‘போட்டுக்கு ஆள் குறையுது, வா’ என்று ஒரு ராத்திரி சொன்னால் போதும், அத்தோடு முடிந்தது. அம்மா அழுதாலும் நடக்காது. அப்படிச் சொல்கிற அப்பா கெட்டவர் இல்லை. அவருக்கு அந்தப் பள்ளி வெளியில் இருந்து பார்த்த ஒரு கட்டடம், அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்பு வாசலில் ஒரு தடவை நின்றவர், டீச்சரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியவர், அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

அதனால்தான் அந்த ஜூன் நாட்களை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். 2024இல் ஜூன் 10ஆம் தேதி திறந்தார்கள், ஐந்து நாள் கிடைத்தது. 2025இல் ஜூன் 2, பதின்மூன்று நாள். அந்தப் பதின்மூன்று நாளும் ஊர் முழுக்க ஆண்கள் கரையில்தான் இருந்தார்கள். கேரளாவில் போட்டுக்குப் போகிறவர்களும் அந்தச் சமயத்தில் திரும்பிவிடுவார்கள், ஏனென்றால் அங்கே ஜூன் 9 நள்ளிரவில் தடை ஆரம்பிக்கிறது. இப்படி இரண்டு பக்கத்து ஆளும் ஒன்றாக ஊரில் இருக்கிற வாரம் வருடத்தில் இன்னொன்று வராது. ஆனால் எனக்குத் தெரிந்த பள்ளிகளில் முதல் பெற்றோர் கூட்டம் வைப்பது ஜூலையிலோ ஆகஸ்டிலோ. அதற்குள் எல்லோரும் கடலில்.

கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள். கரையில் இருக்கிறோம் என்றாலும் பகலில் சும்மா இருப்பதில்லை. ஜூன் முதல் வாரத்தில்தான் மராமத்து முடிந்த போட்டைத் தண்ணீரில் இறக்குவோம், வலையைச் சரிபார்ப்போம். ஆறு மணிக்கு மேல் கூப்பிட்டால் வருவோம்.

நாட்டுப்படகு ஊர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, தடை விசைப்படகுகளுக்குத்தான். அவர்கள் ஏப்ரல், மே மாதத்திலும் தொழிலுக்குப் போகிறார்கள். ஆனால் ஜூனில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று பிடித்துவிட்டால் தென்கடல் ஓரத்து வள்ளங்கள் நாள் கணக்கில் கட்டிக் கிடக்கும். எந்த நாள் தோது என்று அந்தந்த ஊர்த் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா முடிந்து வையுங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போகிற நேரம். இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, கேட்டுக்கொண்டு செய்தால் போதும்.

வருடம் முழுக்க நடக்கும் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் இதையே சொல்கிறேன். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் கூட்டம் புதன்கிழமை என்றால் என்னைப் போன்றவர்கள் பெயர் பட்டியலில் மட்டும்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை வைத்தால் நாங்கள் கரையில் இருப்போம்.

அப்புறம், முதல் நாள் சேர்க்கை பற்றி. இது எனக்கு மனசு வலிக்கிற விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் மகளைச் சேர்க்க ஒரு பள்ளிக்குப் போனார். கணவர் எல்லை தாண்டினார் என்று இலங்கைக் கடற்படை பிடித்து, யாழ்ப்பாணத்தில் சிறையில் இருந்தார். படிவத்தில் அப்பா கையெழுத்து இல்லை. ‘அப்பா எங்கே? அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க’ என்றார்கள். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைதான் சொன்னது, ‘அப்பா ஜெயில்ல இருக்காங்க’ என்று. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைக்கு அதுதான் பள்ளியின் முதல் நாள்.

அம்மா கையெழுத்து போதும் என்று அந்த மேசையில் இருந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தயவுசெய்து இந்த வருடம் சேர்க்கைக்கு உட்காருகிற எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் கரையில் ‘அப்பா எங்கே’ என்பது சாதாரணக் கேள்வி இல்லை. கடலில் இருப்பார், சிறையில் இருப்பார், சில வீடுகளில் திரும்பி வராமலே போயிருப்பார். பிள்ளை எதிரில் கேட்க வேண்டாம். நான் அப்பாக்களைக் கூப்பிடுங்கள் என்று கேட்கிறபோதும் இதை மறந்துவிட்டுக் கேட்கவில்லை. அப்பா வர முடியாத பிள்ளையோடு தாத்தாவோ மாமாவோ சித்தப்பாவோ வரட்டும். ‘வீட்டில் இருந்து ஒருத்தர்’ என்று சொல்லிக் கூப்பிடுங்கள்.

சான்றிதழும் அப்படித்தான். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவில் இருக்கிறது. தாமதமாக வந்தாலும் சேர்க்க வேண்டும் என்று 15ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள். ஆனால் தனுஷ்கோடிப் பக்கம் கரைவலைக்குக் குடும்பத்தோடு வலசை போய்விட்டு வருகிறவர்களுக்கு இது தெரியாது. ‘ஆதார் கொண்டு வா, பிறப்புச் சான்றிதழ் கொண்டு வா’ என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினால், மறுபடி அவர்கள் வர மாட்டார்கள்.

இன்னும் ஒன்று. ஜூன் முதல் வாரம் எங்கள் வீடுகளில் பணம் வற்றிப்போயிருக்கிற வாரம். அரசு தரும் 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் வந்திருந்தாலும் அதற்குள் தீர்ந்திருக்கும். சீருடை, நோட்டு, புத்தகம், பை, செருப்பு எல்லாம் அரசுப் பள்ளியில் இலவசமாகக் கிடைக்கிறது, சந்தோஷம். ஆனால் அது ஜூலையில் கிடைப்பதற்கும் திறந்த முதல் நாளே கிடைப்பதற்கும் எங்களுக்கு நிறைய வித்தியாசம். தாமதமானால் வட்டிக்கு வாங்கிச் சட்டை எடுப்போம். புதுச் சட்டை இல்லை என்று பிள்ளையை ஒரு வாரம் நிறுத்திவைத்த வீடும் எனக்குத் தெரியும். காலை உணவும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அந்தத் திட்டம் வந்த பிறகு, விடியும் முன்பே பாசிக்குப் போகிற அம்மாக்களுக்கு எவ்வளவு பெரிய பாரம் இறங்கியிருக்கிறது என்று நேரில் பார்க்கிறேன். பொங்கலோ கிச்சடியோ, பிள்ளை சூடாகச் சாப்பிட்டிருக்கும் என்ற நிம்மதியில் தண்ணீரில் நிற்கிறார்கள்.

டீச்சர்களிடம் ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகள் வெறுங்கையோடு உங்களிடம் வருவதில்லை. ஒன்றாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்குக் காரல் எது, சூடை எது, நகரை எது என்று மீனைப் பிரித்துப் போடத் தெரியும். வாடை அடிக்கிறதா கச்சான் அடிக்கிறதா என்று தெரியும். பாக் நீரிணைப் பக்கத்து வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் ஏன் சொல்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள், கதையே சொல்லும். வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வருகிற டீச்சர்கள் முதல் வாரத்தில் பிள்ளைகளோடு ஒரு சாயங்காலம் கரைக்கு வந்தால் நாங்கள் போட்டில் ஏற்றிக் காட்டுவோம். வீல் ஹவுஸ், ஐஸ் பெட்டி, வலை சுற்றும் வின்ச் எல்லாம் காட்டுவோம். பிள்ளை தன் அப்பா வேலை செய்கிற இடத்தைத் தன் டீச்சருக்குக் காட்டுகிறபோது அதன் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அம்மாவிடம் இதையெல்லாம் போன வாரமே பேசிவிட்டேன். திறக்கிற வாரத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் தெருவில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் நானே போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் பெரியவர்கள் உட்கார நாற்காலி போதாது, அதனால் போட்டில் இருக்கிற தார்ப்பாயைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். மற்ற ஊர்களில் எந்த நாள் என்று நீங்கள் முடிவு செய்து, ஜூன் 14க்கு முன்னால் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
பாம்பன் பக்கத்து மீனவர் ஒருவர்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்