பயிற்சி ஓட்டத்தின் நடுவே நின்று உதவுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரத்தான் பயிற்சிக்காகச் சாலையில் ஓடும்போது, முன்பின் தெரியாத ஒருவர் துன்பத்தில் இருப்பதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயிற்சியாளர்களும் ஓட்டக் குழுக்களும் தொடக்கத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்று வேண்டியே இக்கடிதத்தை எழுதுகிறேன். எந்த வேகத்தில் ஓடுவது, எப்போது தண்ணீர் குடிப்பது, எந்தக் காலணி பொருந்தும் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிற நாம், இதைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை.

ஓடுபவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். அவசரம்தான் அவர்கள் கண்ணை மறைக்கிறது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உரையாற்றச் சென்ற இறையியல் மாணவர்களின் வழியில் ஒருவரைத் தலைகவிழ்ந்து இருமியபடி கிடக்கச் செய்தார்கள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் அவருக்கு உதவ முன்வந்தார்கள். தாமதமாகிவிட்டது, விரைந்து செல்லுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே முன்வந்தார்கள். அந்த மாணவர்களில் ஒரு பகுதியினர் பேசச் சென்றதே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதையைப் பற்றித்தான். கையில் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கணக்குப் பார்க்கும் ஓட்டக்காரர், தாமதமாகிவிட்டது என்று இடைவிடாமல் சொல்லப்படுபவர் அல்லவா?

அண்மையில் நானும் நண்பர் ஒருவரும் நீண்ட தூர ஓட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் ஒரு காலில் செருப்பில்லாமல் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள்" என்றார். ஆனால் சொற்கள் குழறின. இரு கைகளையும் தூக்கச் சொன்னோம். வலக்கை பாதியிலேயே தாழ்ந்துவிட்டது. பக்கவாதமாக இருக்கலாம் என்று ஆம்புலன்சை அழைத்தோம். விழுங்குவதில் சிக்கல் இருக்கக்கூடும் என்பதால் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதே மருத்துவப் பணியாளர் கேட்ட முதல் கேள்வி. நாங்கள் ஓடிப் போகும்போது அந்தப் பெரியவர் நலமாக நடந்து வந்ததைப் பார்த்திருந்தோம். அவரைக் கடந்த நேரத்தைக் கடிகாரப் பதிவிலிருந்து சொல்ல முடிந்தது. இரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்திற்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும் என்பதால், அந்த நேரக் குறிப்பு சிகிச்சைக்கு இன்றியமையாதது.

இதயத் துடிப்பு நின்று விழுந்தவருக்கோ நிமிடங்களே கணக்கு. அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சுவிடாமல் இருந்தால், உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வரை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும். இடையிடையே வாய் பிளந்து திணறுவதை மூச்சு என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. இது விரைவில் களைப்பூட்டும் வேலை. இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுவது நல்லது. அந்த வகையில், சேர்ந்து ஓடும் குழுவைப் போல் உதவக்கூடியவர்கள் வேறு யார் இருக்க முடியும்? ஆனால் கூட்டமாக இருக்கும்போது மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுவதும் உண்டு. எனவே யார் தொலைபேசியில் அழைப்பது, யார் வாகனங்களை விலக்குவது என்பதைப் பெயர் சொல்லியே ஒப்படைக்க வேண்டும்.

இருட்டில் வேர்த்து விறுவிறுத்து ஓடிவருபவரைக் கண்டு, உதவி தேவைப்படுபவரே அஞ்சக்கூடும். சற்றுத் தள்ளி நின்று பேச்சுக்கொடுத்து, அவர் சம்மதம் பெற்ற பின்பே நெருங்குவது முறை. தனியாக ஓடுபவருக்குச் சூழல் பாதுகாப்பாகத் தோன்றாவிட்டால், விலகி நின்று ஆம்புலன்சை அழைப்பதும் உதவிதான். காதை அடைக்கும் இயர்போனுடன் ஓடினால், கூப்பிடுவதே கேட்காது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயிற்சி கெட்டுவிடும் என்ற கவலை வீணானது. 42.195 கிலோமீட்டரை ஓடும் திறன் பல மாதப் பயிற்சியால் உடலில் சேர்வது. ஒரு நாள் ஓட்டம் பாதியில் நின்றதால் அது கரைந்துவிடாது. அன்று விட்டுப்போன தூரத்தை மறுநாளே ஓடித் தீர்க்க முயல்வதுதான் காயத்திற்கு வழிவகுக்கும். பயிற்சியாளர்கள் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், நிற்கத் தயங்குபவர்கள் குறைவார்கள்.

ஒவ்வொரு ஓட்டக் குழுவும் பயிற்சிப் பருவம் தொடங்கும்போதே, ஓட்டத்திற்கான ஒரு காலைப் பொழுதை முழுமையாக முதலுதவிப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்றும், தங்கள் நாளிதழும் மாரத்தான் செய்திகளோடு முதலுதவிக் குறிப்புகளைச் சேர்த்து வெளியிட வேண்டும் என்றும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாரத்தான் பயிற்சி மேற்கொள்ளும் வாசகர்